கடல்நீர்த் தொட்டியில் பாசித் தொல்லை

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் உண்மையைக் கண்ணாரக் காண விரும்புவோர், வீட்டில் வைத்துள்ள ஒரு கடல்நீர் மீன்தொட்டியின் முன் சிறிது நேரம் நின்றால் போதும். முதல் மாதத்தில் பளிங்குபோல் இருந்த தொட்டி, மூன்றாம் மாதத்தில் நிறம் மாறி நிற்கும். கண்ணாடியில் பச்சைப் படலம், கற்களின்மேல் தலைமுடிபோல் இழை, மணலின்மேல் செந்நிற ஆடை எனப் பாசி எங்கும் பரவியிருக்கும். அதன் நடுவே மீன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இந்நிலையில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. கடையில் கிடைக்கும் மருந்தை வாங்கி ஊற்றுவர். அல்லது சலித்துப்போய்த் தொட்டியையே பரணில் ஏற்றிவிடுவர். இரண்டிலும் உயிரிழப்பது மீன்தான். கடல் மீன்களில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. பாறைகளிடையே தன் போக்கில் வாழ்ந்த ஓர் உயிரை நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைத்த நாம், அது நலமாய் வாழ வழி செய்ய வேண்டாமா? அதற்குப் பாசி ஏன் வருகிறது, அதை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அதனையே இக்கட்டுரையில் காண்போம்.

சிறு வரலாறு

கடலுயிர்களைத் தொட்டியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் தோன்றி இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இதன் தொடக்கத்தில் இரண்டு பெண்மணிகள் இருப்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். பிரான்சு நாட்டில் பிறந்து சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்ரோ பவர் என்ற அம்மையார், 1832ஆம் ஆண்டில் கண்ணாடித் தொட்டிகள் அமைத்து, ஆர்கோநாட் என்னும் ஓடுடைய கடலுயிரை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் அன்னா தைன் என்ற அம்மையார் 1846இல் கடற்கரை ஊரொன்றிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவை மூச்சுவிடக் காற்று வேண்டுமே! கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு, நாம் காப்பி ஆற்றுவதுபோல, நாள்தோறும் ஆற்ற ஏற்பாடு செய்தார். பின்னர் அதே நீரில் கடற்பாசியையும் சேர்த்து வைத்தார். பாசி உயிர்வளியைத் தந்தது, உயிர்கள் பிழைத்தன.

ஏறக்குறைய அதே காலத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், நன்னீர்த் தொட்டியில் தங்கமீன்களோடு நீர்ச்செடியை வைத்தார். செடியின் இலைகள் அழுகின. பச்சை வழுக்கல் படர்ந்தது. அவர் குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலையும் வழுக்கலையும் தின்று தொட்டியைத் தூய்மையாக்கின. இச்செய்தியை அவர் 1850இல் வெளியிட்டார். பாசி உயிர் காக்கும் என்பதையும், மிகுந்தால் அதனை மேய்வதற்கு ஓர் உயிர் வேண்டும் என்பதையும் அந்நாளிலேயே கண்டுகொண்டனர். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909இல் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது.

பாசி நமக்குப் பகையா?

இல்லை. கடலில் உண்ணப்படும் உணவுக்கெல்லாம் அடிப்படை பாசியே. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் சூரிய ஒளியைக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. அவற்றைச் சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை மீன்களும் உண்கின்றன. பவளப் பூச்சியின் உடலுக்குள்ளேயே ஒருவகை நுண்பாசி குடியிருந்து, தான் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கை அதற்குத் தருகிறது.

அவ்வாறாயின் கடலில் பாசி மிகாமல், தொட்டியில் மட்டும் மிகுவது ஏன்? பவளப்பாறைக் கடலின் நீரில் பாசிக்கு உரமாகும் சத்து மிகக் குறைவு. அங்கு முளைக்கும் பாசியையும் மேய்ந்து தீர்க்க ஆயிரமாயிரம் வாய்கள் காத்திருக்கின்றன. தொட்டியிலோ உரம் மிகுதி, வாய்கள் குறைவு. வயலுக்கு எருப் போட்டுவிட்டுக் களை முளைக்கிறதே என்று வருந்துவதைப் போன்றதே நம் வருத்தம்.

நிறத்தைக் கண்டு வகையை அறிதல்

எல்லாப் பாசிக்கும் ஒரே சிகிச்சை பயன்படாது. ஆகவே முதலில் வகையை அறிய வேண்டும்.

பழுப்புத் தூள்: புதுத் தொட்டியில் முதற் சில வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் படியும். விரலால் தொட்டால் எளிதில் கலையும். இது டயாட்டம் என்னும் நுண்ணுயிர். இதன் ஓடு சிலிக்காவால் ஆனது. அதாவது மணலுக்கும் கண்ணாடிக்கும் மூலமான பொருள். நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பச்சைப் படலம்: கண்ணாடியில் சில நாளுக்கொருமுறை தோன்றும். ஆரோக்கியமான தொட்டியிலும் இது உண்டு. துடைத்தால் போதும்.

பச்சை இழைப்பாசி: கற்களில் முடிபோல் வளர்வது. நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய உரங்கள் மிகுந்துவிட்டன என்பதற்கு இதுவே தெளிவான அடையாளம். பெரும்பாலோரை வாட்டுவது இதுதான்.

குமிழ்ப்பாசி: பச்சைக் கண்ணாடி மணிபோல் கல்லில் ஒட்டியிருக்கும். வலோனியா எனப்படும் இதன் ஒவ்வொரு மணியும் ஒரே செல்லால் ஆனது என்பது வியப்பு. இதை உடைக்காமல் முழுதாகப் பெயர்த்தெடுப்பதே நல்லது.

செந்நிற ஆடை: பாலின்மேல் ஆடைபோல் மணலை மூடும், பகலில் குமிழிகள் தோன்றும், தீய நாற்றம் உண்டு. இது உண்மையில் பாசியன்று. சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா. நீரோட்டம் குறைந்து, அழுக்குத் தங்கும் மூலைகளில் இது முதலில் தோன்றும்.

பழுப்புச் சளி: குமிழிகளைக் கோத்த நூல்போலத் தொங்கும். இது டைனோபிளாஜெல்லேட் என்னும் இனம். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அறவே இல்லாமற் செய்துவிட்ட தொட்டிகளில் இது பெரும்பாலும் தோன்றுகிறது. போட்டிக்கு நிற்கும் பிற பாசிகள் பட்டினியால் மடிய, அவ்விடத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஆகவே மிகுதி மட்டுமின்றி முற்றிய வறுமையும் தீங்கே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஊதாச் சுண்ணப்பாசி: கல்லின்மேல் சாயம் பூசியதுபோல் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் படர்வது. இது நல்ல பாசி. இது பரவிய இடத்தில் இழைப்பாசி எளிதில் வேரூன்றாது. இதைச் சுரண்டிவிடக் கூடாது.

உரம் எங்கிருந்து வருகிறது?

தொட்டிக்குள் உரத்தைப் போடுவது வேறு யாருமல்லர், நாமே. மீனுக்கு நாம் போடும் தீனியே பாசிக்கு உரம்.

மீன் தின்ற தீனியின் கழிவும், தின்னாமல் எஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. அம்மோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. கற்களிலும் மணலிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதனால்தான் தொட்டி வைத்த அன்றே மீனை விடக்கூடாது என்கின்றனர். நைட்ரேட் அவ்வளவு நஞ்சன்று. ஆனால் அது போவதற்கு வழியின்றி நாளுக்குநாள் சேர்கிறது. தீனியிலுள்ள பாஸ்பரசும் அவ்வாறே பாஸ்பேட்டாகச் சேர்கிறது.

எவ்வளவு சேர்கிறது என்று நாங்கள் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 லிட்டர் நீருள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கிராம் உலர்தீனி போடுகிறோம். தீனியில் நூற்றுக்கு 40 பங்கு புரதம் என்றால், புரதம் 400 மில்லிகிராம். புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன். ஆக 64 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய 280 மில்லிகிராம். அதில் கால்பங்கை மீன் தன் உடல் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வதாகக் கொண்டாலும், 200 மில்லிகிராமுக்கு மேல் நீரில் எஞ்சும். அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை வீதம் வாரத்துக்கு 2 கிராம் தீனி போடுகிறோம் என்போம். வாரந்தோறும் லிட்டருக்கு 4 மில்லிகிராம் நைட்ரேட் கூடும். நாமும் சும்மாயிராமல், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறோம். நைட்ரேட் எதுவரை ஏறும்? 40 வரை ஏறும். ஏனெனில் 40 ஆகும்போதுதான் பத்தில் ஒரு பங்காகிய 4 வெளியேறும். வருவதும் போவதும் சமமாகும். நீர் மாற்றுவதை இருமடங்காக்கினால் 20இல் நிற்கும். நீரை அவ்வளவே மாற்றி, தீனியைப் பாதியாக்கினாலும் அதே 20இல் நிற்கும். இரண்டையும் செய்தால் 10. வாளி வாளியாய் நீர் சுமப்பதாலும், ஒரு சிட்டிகையை அரைச் சிட்டிகையாக்குவதாலும் கிடைக்கும் பயன் ஒன்றே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

சோதனைக் குப்பியும் சில வேளை நம்மை ஏமாற்றும். தொட்டி முழுதும் பாசி மண்டியிருக்கும்; நீரைச் சோதித்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லை என்று காட்டும். நீரில் கலந்த உரத்தை உடனுக்குடன் பாசி உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம். அந்த உரம் பாசியின் உடலில் இருக்கிறது. கடல் நுண்ணுயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை 106:16:1 என்னும் அணு விகிதத்தில் இருப்பதை அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் கண்டறிந்தார். ஆகவே பாசியைப் பிடுங்கி வெளியே எறிந்தால், அதிலுள்ள உரத்தையும் சேர்த்தே எறிகிறோம். பாசி தொட்டிக்குள்ளேயே மடிந்து அழுகினால், உரம் மீண்டும் நீரிலேயே கலக்கும்.

கட்டுப்படுத்தும் வழிகள்

1. கையால் களைதல்: முதல் வேலை இதுவே. இழைப்பாசியைக் கையால் பிடுங்கலாம். கல்லை வெளியே எடுக்க முடிந்தால், கடல்நீர் நிரப்பிய வாளியில் வைத்துப் புதிய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். குழாய்நீரில் கழுவினால் கல்லில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் மடியும். மணலின்மேல் படர்ந்த செந்நிற ஆடையைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றலாம். அவ்வாறு உறிஞ்சும்போது நீர் மாற்றும் வேலையும் சேர்ந்தே முடியும்.

2. தீனியில் சிக்கனம்: இரண்டொரு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். உறையவைத்த இறாலைக் கட்டியாக அப்படியே போடாமல், கரையவைத்து வடிகட்டி, அந்நீரைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும். விருந்தினர் வரும்போதெல்லாம் குழந்தைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டு மகிழ்வது தொட்டிக்குக் கேடு. தீனி போடும் பொறுப்பை வீட்டில் ஒருவரே ஏற்பது நன்று.

3. தூய நீர்: கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. இதற்கென விற்கும் செயற்கைக் கடலுப்பையே கரைக்க வேண்டும். கரைக்கும் நீரும் தூயதாக இருக்க வேண்டும். குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா முதலியன இருக்கக்கூடும். தொட்டி நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, கலந்துள்ளவை தங்கிவிடுகின்றன. வெந்நீர்ப் பானையின் அடியில் உப்புப் படிவதை நாம் அறிவோம். வெயிற்காலத்தில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகி, அதற்கு ஈடாகக் குழாய்நீரையே ஊற்றினால், நூறு நாளில் நூறு லிட்டர்க் குழாய்நீரின் கசடு முழுதும் தொட்டியில் சேர்ந்துவிடும். எனவே ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, அயனிகளையும் நீக்கிய நீரே சிறந்தது. வீட்டில் குடிநீருக்கு வைத்திருக்கும் கருவிகள் சில, சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்ப்பதால், அதையும் கவனிக்க வேண்டும்.

4. நுரை எடுக்கும் கருவி: கடற்கரையில் அலை மோதும் இடத்தில் நுரை திரள்வதைக் கண்டிருக்கிறோம். நீரில் கரைந்த புரதம் முதலான பொருள்கள் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் நுரை உண்டாகிறது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி இம்முறையிலேயே வேலை செய்கிறது. நுண்ணிய குமிழிகளைக் குழாயில் எழுப்பி, மேலே திரளும் நுரையைக் கிண்ணத்தில் சேர்க்கிறது. அக்கிண்ணத்தில் சேரும் கறுத்த, நாற்றமுள்ள நீர் முழுதும் பாசிக்கு உரமாக வேண்டியதே. அழுக்கு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே வெளியேற்றுவது இதன் சிறப்பு. பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ள இரும்பு ஆக்சைடு மணிகளும் கிடைக்கின்றன. அவற்றை ஒரேயடியாக மிகுதியாய் இடாமல், சிறிது சிறிதாகவே பயன்படுத்த வேண்டும்.

5. ஒளியும் ஓட்டமும்: மீன் மட்டுமே உள்ள தொட்டிக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கொளி போதும். வேளை தவறாமல் எரிந்து அணைய ஒரு டைமர் வைக்கலாம். சாளரத்தின் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்கக் கூடாது. செந்நிற ஆடை மிகுந்தால், மூன்று நாள் விளக்கை அணைத்துத் துணியால் மூடி வைப்பதுண்டு. ஆனால் அழுக்கு அகலாவிடில் அது மீண்டும் வரும். நீரோட்டம் எட்டாத மூலைகளுக்கு ஒரு சிறு பம்பைத் திருப்பி வைப்பது நெடுநாள் பயன் தரும்.

6. மேயும் உயிர்கள்: பாசி மேயும் நத்தைகளும் துறவி நண்டுகளும் சிறந்த துப்புரவாளர்கள். ஓரா மீனும் பாசி தின்னும். ஆனால் அது பெரிதாய் வளர்வதால் சிறு தொட்டிக்கு ஏற்றதன்று. நீண்டு வளர்ந்த இழையை நத்தை பெரும்பாலும் தொடாது; குட்டையாய் முளைப்பதையே மேயும். ஆகவே முதலில் நாம் களைய வேண்டும். பிறகு நத்தை காக்கும். பாசி தீர்ந்ததும் நத்தைகள் பட்டினி கிடந்து மடியாதபடி, அளவாகவே வாங்க வேண்டும்.

7. பாசியைக்கொண்டே பாசியை வெல்லுதல்: முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் இது. தொட்டியோடு இணைந்த மற்றொரு சிறு தொட்டியில் விளக்கு வைத்து, நல்ல பாசி ஒன்றை வளர்க்கின்றனர். சிக்கிய நூற்கண்டைப் போன்ற கீட்டோமார்பா என்னும் பச்சைப்பாசி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அது உரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், பெருந்தொட்டியில் களைப்பாசிக்கு உணவு குறைகிறது. வளர்ந்ததை அவ்வப்போது அறுத்து எறிய வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்னும் அறிஞர், பாசிப் புல்தரையின் வழியே நீரைப் பாய்ச்சித் தூய்மைப்படுத்தும் முறையை 1980களில் வளர்த்தெடுத்தார். இச்சிறு தொட்டியின் விளக்கை இரவில் எரியவிட்டால், அந்நேரத்தில் நீரில் உயிர்வளி குறைவதையும் ஓரளவு ஈடு செய்யலாம்.

மருந்து ஊற்றலாமா?

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. அதிலுள்ள தாமிரமே பாசிக்கொல்லி மருந்துகள் பலவற்றிலும் உள்ளது. ஆனால் தாமிரம் பாசியோடு நிற்பதில்லை. நத்தை, நண்டு, இறால் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களை மிகச் சிறிய அளவிலேயே அது கொன்றுவிடும். கல்லிலும் மணலிலும் படிந்து நெடுநாள் தங்கும். பாசியை மேயக்கூடிய உயிர்களையே கொன்றுவிட்டால், அடுத்த முறை முளைக்கும் பாசியை யார் மேய்வது?

செந்நிற ஆடையைப் போக்க எரித்ரோமைசின் என்னும் நோய்க்கிருமி மருந்தை இடுவோரும் உண்டு. மனிதரின் நோய்க்குரிய மருந்தைத் தொட்டியில் ஊற்றிச் சாக்கடையில் விடுவது, அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்ற வழி வகுக்கும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. ஒரே நாளில் பாசி முழுதும் மடிந்தால், அது அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். 25 பாகை வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் உயிர்வளியையே கொள்ளும். வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். இரவில் விளக்கு இல்லாததால் எஞ்சிய பாசியும் உயிர்வளியைத் தராது. மாறாகத் தானும் எடுத்துக்கொள்ளும். மாலையில் மருந்து ஊற்றித் தூங்கச் சென்றவர், விடியலில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் திறந்து தவிப்பதைக் காண்பர். இடையில் மின்சாரமும் நின்று காற்றுக்குழாய் ஓய்ந்துவிட்டால், அவற்றைக் காப்பது அரிது. ஆதலின் பாசியைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பதே மீனுக்கு நன்மை. கற்களில் ஊறிய பாஸ்பேட் மெல்ல மெல்லவே வெளிவருவதால், சில தொட்டிகளில் இது மாதக்கணக்கிலும் நீளும்.

கடலிலும் இதே கதை

தொட்டியில் நடப்பது கடலிலும் நடந்ததுண்டு. கரீபியக் கடலில் நீண்ட முட்களையுடைய ஒருவகைக் கடல் முள்ளெலி, பவளப்பாறைகளில் பாசியை மேய்ந்து வாழ்ந்தது. 1983ஆம் ஆண்டு பனாமாவின் அருகே தொடங்கிய ஒரு நோய், ஏறக்குறைய ஓராண்டுக்குள் அக்கடல் முழுதும் பரவி, அவ்வினத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அழித்தது. ஜமைக்காத் தீவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டிருந்தனர். 1980இல் வீசிய பெரும்புயல் பவளங்களை நொறுக்கியிருந்தது. எஞ்சிய மேய்ப்பனும் மறைந்ததும் பாசி பொங்கியது. அங்கு 1977இல் பாறைப்பரப்பில் நூற்றுக்கு 52 பங்கு உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது 3 பங்காயிற்று. 4 பங்காயிருந்த பாசி 92 பங்காயிற்று. ஒரு சிற்றுயிரின் வாய் மூடியதால் ஒரு கடலின் நிறமே மாறியது.

தொட்டிப் பாசி கடலுக்குச் சென்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. காலர்ப்பா டாக்சிஃபோலியா என்பது இறகுபோன்ற அழகிய பச்சைப்பாசி. வெப்பக்கடலில் வாழும் இதனைக் காட்சித் தொட்டிகளில் வளர்த்து வந்தனர். 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, மத்தியதரைக் கடலில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் இது காணப்பட்டது. பின்னர் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், குரோவேஷியா நாடுகளின் கரைகளுக்கும் பரவி, அங்கிருந்த கடற்புல் படுகைகளை மூடியது. 2000இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இது தோன்றியது. அங்கே உடனே தார்ப்பாயால் மூடி, குளோரின் செலுத்தி அழித்தனர். ஒழிந்தது என்று 2006இல் அறிவிக்கும் வரை பல இலட்சம் டாலர்கள் செலவாயின.

நம் மன்னார் வளைகுடாவிலும், வளர்ப்புக்கெனக் கொண்டுவரப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் அயற்பாசி, குருசடைத் தீவின் பவளங்களின்மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே தொட்டியிலிருந்து களைந்த பாசியைக் கடலிலோ, கழிமுகத்திலோ, கடலுக்குச் செல்லும் வாய்க்காலிலோ எறியக் கூடாது. நன்கு வெயிலில் காயவைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். தொட்டியில் அலுத்துப்போன மீனையும் நத்தையையும் இரக்கத்தினால்கூடக் கடலில் விடுதல் ஆகாது.

அதுபோலவே கடலிலிருந்து நாம் எடுப்பதிலும் எல்லை உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பவளம், கடற்குதிரை ஆகியவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். தொட்டிக்கு அழகு வேண்டுமெனில் சுட்ட மண்ணாலும் சிமெண்டாலும் செய்த கற்களை வைக்கலாம். அவற்றிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறும். கோமாளி மீன் போன்ற சில இனங்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்டிருக்கின்றனர். அவ்வாறு வளர்த்த மீன்களையே கேட்டு வாங்குவது, கடலிலுள்ள மீனைக் கடலிலேயே விட்டுவைக்கும்.

முடிவுரை

தோழியரே, பாசி நம்மைத் துன்புறுத்த வரவில்லை. நீரில் மிகுந்துவிட்ட உரத்தைத் தின்னவே வருகிறது. அதனைக் கண்டவுடன் மருந்துக் குப்பியைத் தேடாமல், நேற்று எவ்வளவு தீனி போட்டோம், எத்தனை மணி நேரம் விளக்கு எரிந்தது, எந்த நீரை ஊற்றினோம் என்று எண்ணிப் பார்ப்போம். தீனியை அளந்து போடுவோம். வாரந்தோறும் தவறாமல் நீர் மாற்றுவோம். களைந்த பாசியை வெளியே எடுப்போம். அதற்கு ஆகும் நேரம் வாரத்துக்கு ஒரு மணி. அந்த ஒரு மணி நேரத்தைத் தர மனமில்லையெனில், கடல் மீனை வீட்டுக்கு அழைத்து வராமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் நன்மை. தர மனமுண்டெனில், நம் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கடல் ஆண்டாண்டு காலம் தெளிந்து நிற்கும். அதில் நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களும் நலமாய் வாழும்.